இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி

நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் லிஃப்ட் நின்றபோது மணி நாலு ஏழு.

ஐந்து மணிக்கு ஆறாம் மாடியில் கூட்டம். விலியானா ஸ்டொய்கோவாவை வேலையை விட்டுத் துரத்துவதா, பெயரையும் கெடுத்துவிட்டுத் துரத்துவதா என்று டீனும் மற்ற மூன்று பேரும் முடிவு செய்யப் போகிறார்கள். அதற்கு வேண்டிய ஒரே காகிதம் பேராசிரியர் ஹரலம்பி தோனெவ் நெஞ்சோடு அணைத்திருந்த நீல நிற ஃபைலில் இருந்தது. அவரும் எங்களோடு லிஃப்டுக்குள் இருந்தார். விலியானாவும் இருந்தாள். என் முதலாளி, துப்பறியும் யோர்டான்கா அக்காவும் இருந்தாள். நானும் இருந்தேன், என் வயிறும் இருந்தது.

சுவரில் ஒரு தகடு. நான்கு பேர், முந்நூற்று இருபது கிலோ.

"அக்கா, ஆள் கணக்கு சரிதான். கிலோ கணக்குலதான் நான் ரெண்டு பேர்" என்றேன்.

"மணியை அழுத்து ரங்கெல். வாயை அப்புறம் அழுத்திக்கலாம்."

அழுத்தினேன். எங்கோ கீழே ஒரு மணி அடித்தது. கொஞ்ச நேரம் கழித்து வாசல் காவலாளியின் குரல் மேலே ஏறி வந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டாச்சு, ஊருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரணும், முக்கால் மணி நேரமாவது ஆகும், நகராம நில்லுங்க. நகர இடம் இருந்தால்தானே.

பேராசிரியர் தோனெவ் உடனே ஒரு காரியம் செய்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"சார், மூச்சு முட்டுதா?" என்று கேட்டேன்.

"இல்லை. ஒரு பேப்பரை எழுதினவங்களும் அந்த ஜர்னலோட எடிட்டரும் தனியா சந்திக்கக் கூடாது. நான் சந்திக்கல. சுவத்தைப் பாத்துக்கிட்டு இருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. விலியானாவைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. முப்பத்தொரு வயசுப் பெண், மூலையில் ஒடுங்கி, மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்பு வெள்ளைக் கயிற்றை முறுக்கிக்கொண்டே இருந்தாள். மார்ச் மாதம் என்பதால் கயிறு எல்லோர் கையிலும் இருந்தது. நாரையைப் பார்க்கிற வரைக்கும் யாரும் கழட்ட மாட்டோம். அவளுடையது கொஞ்சம் தடிமன்.

காலையில் அவள் எங்களிடம் வந்து சொன்னது இதுதான். ஸ்ட்ரூமென் ஊற்றுத் தண்ணீரை இந்த நாட்டில் குடிக்காத ஆள் கிடையாது. மலையில் பெய்த மழை பாறைக்குள் நாற்பது வருஷம் கிடந்து, சுத்தமாகி, அப்புறம்தான் ஊற்றில் வருகிறது என்று பாட்டிலிலேயே போட்டிருப்பார்கள். அதைக் கண்டுபிடித்துப் பெயர் வாங்கியவர் பேராசிரியர் ஸ்தமென் கோச்செவ். அவருடைய கையெழுத்தும் பாட்டிலில் இருக்கும். விலியானா அவரிடம்தான் வேலை பார்க்கிறாள். போன அக்டோபரில் மலைமேல் ஒரு குழியில் பச்சைச் சாயத்தை ஊற்றினாள். நாற்பது வருஷம் கழித்து வர வேண்டிய பச்சை மூன்றாம் நாள் காலை ஊற்றில் வந்து நின்றது. மலைமேல் பன்றிப் பண்ணை இருக்கிறது. மூன்று நாளில் சாயம் வந்தால் மற்றதும் வரும்.

அதைத்தான் எழுதி, தன் பெயரும் கோச்செவ் பெயரும் போட்டு, தோனெவ் நடத்தும் ஆய்விதழுக்கு அனுப்பினாள். இதழ் இரண்டு மதிப்பீட்டாளர்களிடம் அதைக் கொடுத்தது. முதல் ஆள், நல்ல வேலை, நாலு இடத்தில் திருத்தினால் போதும் என்றார். இரண்டாம் ஆள், இவை இட்டுக்கட்டிய எண்கள், அளவெடுத்த ஆளைப் பல்கலைக்கழகம் விசாரிக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். அந்த இரண்டாம் ஆள் யார் என்று அவளுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. முகம் இல்லாத ஒருவரிடம் எப்படிச் சண்டை போடுவது என்று கேட்டு அழுதாள். எனக்கு அப்போதே ரத்தம் கொதித்துவிட்டது.

"சார்" என்று தோனெவின் முதுகிடம் கேட்டேன், "இந்த மதிப்பீடு பண்றவங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"ஒண்ணும் கிடைக்காது."

"பேராவது வருமா?"

"வராது. எழுதினவர் பேர் அவருக்குத் தெரியாது, அவர் பேர் எழுதினவருக்குத் தெரியாது. ரெண்டு பேரையும் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். அதனாலதான் அவங்க மனசுல பட்டதை எழுதறாங்க. மூணு வாரம்னு கேட்போம், அஞ்சு மாசம் ஆகும்."

"நான் பதினெட்டு வருஷம் டாக்சி ஓட்டினேன். பேரைச் சொல்லாம, வாடகை வாங்காம, அஞ்சு மாசம் லேட்டா போயிருந்தா என்னை யாரும் பேராசிரியர்னு கூப்பிட்டிருக்க மாட்டாங்க."

யோர்டான்கா அக்கா என்னை முறைத்தாள். பையிலிருந்து சூரியகாந்தி விதையை எடுத்து ஒவ்வொன்றாகக் கொறித்தாள். அவள் இருபத்தாறு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தினவள். ஓய்வு பெற்றதும் அடுத்தவர் வாழ்க்கையில் பிழை பார்க்க ஆரம்பித்தாள். அதில்தான் எனக்குச் சம்பளம்.

அப்போது மேலிருந்து ஒரு குரல் வந்தது. ஐந்தாம் மாடிக் கதவுக்கு வெளியே.

"விலி கண்ணு, உள்ள இருக்கியாம்மா?"

கோச்செவின் குரல். அவள் முகம் மலர்ந்தது. "இருக்கேன் ஐயா."

"பயப்படாதே. கூட்டத்துக்குத்தான் வந்தேன். உனக்காக நான் பேசறேன். சின்னப் பொண்ணு, ஏதோ அவசரத்துல தப்பா அளந்துட்டா, மன்னிச்சு விடுங்கன்னு கேட்கறேன். சரியா?"

"நான் தப்பா அளக்கல ஐயா."

"சரி, சரி. அதை நான் பாத்துக்கறேன்."

கோச்செவ் எங்கேயும் போகவில்லை. ஐந்தாம் மாடி நடையில் அவருடைய செருப்புச் சத்தம் போய்ப் போய் வந்தது. அவளிடம் தைரியமாக இரு என்றார், தண்ணீர் இருக்கிறதா என்றார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். விலியானா கயிற்றைத் தொட்டுக் காட்டி, "இது அவர் கட்டினது" என்று மெதுவாகச் சொன்னாள்.

அக்கா விதைப் பொட்டலத்தை மடித்து உள்ளே வைத்தாள். அப்படி வைத்தால் வேலை ஆரம்பம்.

"புரொபசர் தோனெவ், ரெண்டாம் ஆள் பேரை நான் கேட்கல."

"கேட்டாலும் சொல்ல மாட்டேன். முப்பது வருஷமா சொன்னதில்ல."

"உங்க ஃபைல்ல அந்தப் பேப்பர் இருக்குல்ல? இருநூத்துப் பன்னெண்டாம் வரியைப் படிங்க."

பேப்பரின் ஓரத்தில் ஒவ்வொரு வரிக்கும் எண் இருக்கும். மதிப்பிடுகிறவர் இந்த வரியில் இது தப்பு என்று சொல்ல வசதியாக. தோனெவ் சுவரோடு பேசுகிற மாதிரியே படித்தார்.

"'பாட்டில்கள் ஒவ்வொன்றும் மும்முறை கழுவப்பட்டன.'"

"விலியானா, உன் கையில இருக்கிறதுல அதே வரியைப் படி."

அவள் தன் பிரதியைப் புரட்டினாள். "'மூன்றாம் நாள் காலை ஊற்று நீரில் பச்சை நிறம் தெரிந்தது.' இது எப்படி? அவர்கிட்ட இருக்கிறதும் நான் அனுப்பினதுதானே?"

"இப்ப ரெண்டாம் ஆள் எழுதினதைப் படி."

அதை அவள் பார்க்காமலே சொன்னாள். மனப்பாடம் ஆகியிருந்தது. "'வரி இருநூற்றுப் பன்னிரண்டு. மூன்று நாள் என்பது நடக்கவே முடியாதது. இந்தச் சோதனை மலையில் நடந்ததாகத் தெரியவில்லை, குளியல் தொட்டியில் நடந்திருக்கலாம்.'"

"அவர் பாட்டில் கழுவறதைப் பத்தியா திட்டறார்?" என்றாள் அக்கா. "மூணு நாளைப் பத்தித் திட்டறார். அவர் சொல்ற பதினோரு வரியையும் காலையில சரி பாத்தேன். எல்லாம் இவ பிரதியோட அச்சா பொருந்துது. உங்க பிரதியோட பொருந்துமா?"

காகிதம் சரசரத்தது. ரொம்ப நேரம் சரசரத்தது.

"பொருந்தல" என்றார் தோனெவ். "எல்லாத்துலயும் ஒம்போது வரி தள்ளி இருக்கு."

"இதைக் கவனிக்கலையா சார் நீங்க?" என்றேன்.

"நான் கருத்தைப் படிச்சேன். வரியை யாருய்யா எண்ணுவா?"

"அக்கா எண்ணுவாங்க. கல்யாணப் பத்திரிகை வந்தா முதல்ல வரியை எண்ணிட்டுத்தான் மாப்பிள்ளை பேரையே பார்ப்பாங்க."

விலியானாவுக்குப் புரிந்துவிட்டது. "நாங்க ரெண்டு பிரதி அனுப்பணும். ஒண்ணுல மேலே எங்க பேர், துறை, முகவரி எல்லாம் இருக்கும். அது ஒம்போது வரி. அது ஆபீசுக்கு. இன்னொண்ணுல பேர் கிடையாது. அதுதான் மதிப்பீட்டாளருக்குப் போகும். என்கிட்ட இருக்கிறது பேர் போட்ட பிரதி."

"ரெண்டாம் ஆளும் பேர் போட்ட பிரதியைத்தான் படிச்சிருக்கார்" என்றாள் அக்கா. "உங்க ஆபீஸ்லேர்ந்து அது வெளியே போச்சா புரொபசர்?"

"போகவே போகாது. அது என் கம்ப்யூட்டர்ல மட்டும்தான் இருக்கு. வேற யாரும் தொட முடியாது."

நான் தொண்டையைச் செருமினேன். "அப்ப ரெண்டாம் ஆள் நீங்கதான். கேஸ் முடிஞ்சது. இவ்வளவு சின்ன இடத்துல குற்றவாளியைப் பிடிச்சது இதுதான் முதல் தடவை."

அவருடைய தோள் இறங்கியது. ஏன்தான் அப்படிச் சொன்னோமோ என்று ஆகிவிட்டது எனக்கு. வாய் எனக்கு எப்போதும் ஒரு நிமிஷம் முன்னால் ஓடும்.

மணி நாலு இருபத்தெட்டு. லிஃப்டுக்குள் காற்று கனத்துவிட்டது. கண்ணாடியில் நான்கு பேருடைய மூச்சும் படிந்திருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கையை நீட்டினால் யாராவது ஒருவரின் விலா இடித்தது. இங்கேயே இருந்துவிட்டால் கூட்டம் நடக்காது என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோனெவ் அதையும் கெடுத்தார்.

"நான் போகலன்னாலும் பிரயோஜனமில்ல. இந்த ஃபைல்ல இருக்கிற கடிதத்தோட நகல் டீன் மேஜையில இருக்கு. மதிப்பீட்டாளர் பொய் எண்ணுன்னு எழுதிட்டா நான் தெரியப்படுத்தியே ஆகணும், அது விதி. அந்த எண் நிஜமா இருக்கும்னு எனக்குத் தோணினாலும் தெரியப்படுத்தணும். நானும் மாட்டிக்கிட்டேன்."

"தோணுச்சா?" என்று விலியானா கேட்டாள்.

தோனெவ் ஃபைலை இன்னும் இறுக அணைத்துக்கொண்டார்.

"சரி" என்றாள் அக்கா. "பேர் போட்ட பிரதி புரொபசர்கிட்ட ஒண்ணு. வேற எங்க இருக்கும்? எழுதினவங்ககிட்ட. எழுதினவங்க ரெண்டு பேர்."

விலியானா நிமிர்ந்தாள். மேலே பார்த்தாள். நடையில் செருப்புச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"என்ன பேசறீங்க? அது அவர் பேரும் போட்ட பேப்பர். தன் பேப்பரைத் தானே யாராவது திட்டுவாங்களா?"

அக்காவும் குரலை இறக்கினாள். "அந்தப் பேப்பர்ல என்ன இருக்கு? இவ்வளவு நாள் அவர் பேர்ல ஓடின நாப்பது வருஷக் கதை செத்துப்போகும்னு இருக்கு. கையெழுத்துப் போட மாட்டேன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க. போட்டுட்டாரு. அளந்தது நீ. எண் பொய்ன்னா நீதான் பொய். அவர் ஏமாந்துபோன பெரிய மனுஷன். உனக்காக மன்னிப்பு வேற கேக்கறாரு."

"அப்படியெல்லாம் இல்ல."

"ரெண்டாம் மதிப்பீட்டாளரை எப்படிப் பிடிச்சீங்க புரொபசர்? பேர் வேண்டாம். எப்படின்னு மட்டும்."

தோனெவ் யோசித்தார். "ஏழு பேர்கிட்ட கேட்டேன். ஏழு பேரும் நேரமில்லன்னுட்டாங்க. பேப்பர் அனுப்பறப்போ, இதை மதிப்பிடத் தகுந்த மூணு பேரைச் சொல்லுங்கன்னு எழுதினவங்ககிட்டயே கேட்போம். பேரும் மின்னஞ்சலும் கொடுப்பாங்க. கடைசியில அந்தப் பட்டியல்லேர்ந்து ஒருத்தரை எடுத்தேன். வெளிநாட்டுக்காரர். பெரிய ஆள். கேட்ட அன்னைக்கே சம்மதிச்சார்."

"மின்னஞ்சல் அவரோட பல்கலைக்கழகத்துதா?"

"இல்ல. யார் வேணும்னாலும் திறக்கிற இலவச முகவரி. நிறையப் பேர் அப்படித்தான்…" அந்த வெளிநாட்டுக்காரர் பேரில் வேறு யாராவது திறந்திருக்கலாம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

விலியானா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "அந்த மூணு முகவரியையும் நான்தான் டைப் அடிச்சேன். ஐயா ஒரு சீட்டுல எழுதிக் கொடுத்தார். ஒரு எழுத்துகூட தப்பாயிடக் கூடாதுன்னு ரெண்டு தடவை சரி பாத்தேன்."

அந்தப் பெண் தன் கழுத்துக்கான கயிற்றைத் தானே முடிச்சுப் போட்டு, முடிச்சு சரியாக இருக்கிறதா என்று பார்த்தும் இருக்கிறாள்.

"இது சந்தேகம்" என்றார் தோனெவ். "நிரூபணம் இல்ல. டீன் கேட்பாரு."

"மதிப்பீட்டாளர்கிட்ட எடிட்டர் ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"கேக்கலாம். என் வேலையே அதுதான்."

"அப்ப ஒண்ணு கேளுங்க." அக்கா விலியானாவின் பக்கம் திரும்பினாள். "இந்த வேலையில எது கெட்டிக்காரத்தனம்? எல்லாரும் பாராட்டற மாதிரி ஒண்ணு."

"சாயத்தைப் பெரிய குழியில ஊத்தாம, பக்கத்துல பழைய ஆலையோட வடிகால் குழியில ஊத்தினது. அதனாலதான் நேரா போய்ச் சேர்ந்தது. ஆனா அது என்னோட யோசனை இல்ல…"

"யாரோடதுன்னு சொல்லாதே. ஏன் அங்க ஊத்தினீங்கன்னு பேப்பர்ல இருக்கா?"

"இல்ல. ஊத்தினோம்னு மட்டும் இருக்கு."

அக்கா சொல்லச் சொல்ல, தோனெவ் சுவரைப் பார்த்தபடியே ஃபோனில் தட்டினார். செய்தி இதுதான்:

'மதிப்பிற்குரிய ஐயா, இன்று ஐந்து மணிக் கூட்டத்துக்கு முன் ஒரு தெளிவு தேவை. வடிகால் குழியைத் தேர்ந்தெடுத்தது முழுக்கத் தன் சொந்த யோசனை என்று கட்டுரையின் முதல் ஆசிரியர் கூறுகிறார். அது அபாரமான யோசனை என்று முதல் மதிப்பீட்டாளரும் பாராட்டியுள்ளார். தங்கள் கருத்து?'

"நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்றாள் விலியானா.

"தெரியும்மா. அதான் எழுதச் சொன்னேன்."

ஃபோனில் சிக்னல் இல்லை. அதை வாங்கி, கையை உயர்த்தி, கூரையில் இருந்த காற்றுத் துவாரத்துக்குள் நுழைத்துப் பிடித்தேன். உயரத்துக்கு ஒரு பயன் கிடைத்தது. ஒரு கோடு தெரிந்தது. செய்தி போயிற்று.

மேலே செருப்புச் சத்தம் நின்றது.

"விலி கண்ணு, ஒரு நிமிஷம், ஃபோன் ஒண்ணு பேசிட்டு வந்துடறேன்."

விலியானா என் கையைப் பிடித்துக்கொண்டாள். தூக்கிப் பிடித்திருந்த கை மரத்துப்போனது. நாலு முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. அவர் புத்திசாலி, பதில் போட மாட்டார் என்று நினைத்தேன். அதைச் சொல்லவும் வாயைத் திறந்தேன்.

"போடுவார்" என்றாள் அக்கா. "பேப்பரைக் கொன்னுடலாம். அதுல இருக்கிற நல்ல யோசனையை இன்னொருத்தருக்கு விட்டுக் கொடுக்க இந்தப் புரொபசருங்களால முடியாது. இருபத்தாறு வருஷம் அவங்க எழுதினதைத் திருத்தியிருக்கேன்."

நாலு நாற்பத்தொன்று. ஃபோன் என் விரலுக்குள் நடுங்கியது.

தோனெவிடம் கொடுத்தேன். படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு மடித்து வைக்கிற காகிதத்தைப் போல ஃபோனை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

"என்ன சார்?" என்றேன்.

"மதிப்பீட்டாளர் எழுதினதை நான் சொல்ல முடியாது."

எனக்கு அவரை அறையலாம் போல இருந்தது. முப்பத்து நான்கு நிமிஷமாக ஒரு பெட்டிக்குள் வெந்துகொண்டிருக்கிறோம், இந்த மனுஷன் விதியைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்க்கிறார். அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"நீங்க சொல்ல வேண்டாம் புரொபசர். அவகிட்ட ஏதாவது கேக்கணும்னா கேளுங்க."

அவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "மிஸ் ஸ்டொய்கோவா, பெரிய குழியை ஏன் விட்டீங்க?"

"வால்நட் மரம் ஒண்ணு அதுமேல சாய்ஞ்சு கிடந்தது. ராத்திரி காத்துல விழுந்திருக்கு. அப்ப ஐயாதான் வடிகால்ல ஊத்திப் பாக்கலாம்னு சொன்னார். அது அவரோட யோசனை. நான் என்னோடதுன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல."

"மரம் விழுந்தது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அவருக்கும் மட்டும்தான். அன்னைக்கே அந்த ஊர்க்காரர் வந்து வெட்டி எடுத்துட்டுப் போயிட்டார்."

பேராசிரியர் ஹரலம்பி தோனெவ் திரும்பினார். லிஃப்ட் நின்றதிலிருந்து முதல் தடவையாக. அவளை நேராகப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"பேப்பரை எழுதினது யாருன்னே தெரியக் கூடாத ஒருத்தர் எனக்கு எழுதியிருக்கார்மா. அந்த யோசனை பேராசிரியர் கோச்செவோடது, வால்நட் மரம் விழுந்த காலையில அவர் சொன்னதுன்னு. பேரை எழுதியிருக்கார். அவருக்கு அனுப்பின பிரதியில அந்தப் பேரே கிடையாது." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "மதிப்பீட்டாளரோட ரகசியத்தைத்தான் நான் காப்பாத்தணும். இவர் மதிப்பீட்டாளரே இல்ல."

விலியானா அழவில்லை. கயிற்றின் முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மெக்கானிக் கதவைப் பிளந்தபோது மணி நாலு ஐம்பத்து மூன்று. ஐந்தாம் மாடித் தரை எங்கள் நெஞ்சு உயரத்தில் இருந்தது. முதலில் வந்தது காற்று. அடுத்து இரண்டு பளபளப்பான செருப்பு, மண்டியிட்ட முழங்கால், நரைத்த தாடி, சிரிப்பு. கோச்செவ் குனிந்து கையை நீட்டினார்.

"கையைக் கொடு கண்ணு. ரொம்ப பயந்துட்டியா?"

நான் ஒரு காலை மடித்து உட்கார்ந்தேன். அவள் என் முழங்காலில் ஒரு கால், தோளில் ஒரு கால் வைத்து, யார் கையையும் தொடாமல் ஏறிப் போனாள். அதற்குப் பிறகுதான் நீட்டியபடியே இருந்த அந்தக் கையில் சிவப்பு வெள்ளைக் கயிற்றை வைத்தாள்.

"என்னம்மா இது? நாரை எதையாவது பாத்தியா?"

"இல்ல ஐயா. அதுவரைக்கும் கட்டியிருக்க முடியல."

அக்காவை ஏற்றினேன். தோனெவையும் ஏற்றினேன். கிழவர் எடையே இல்லை. அவர் கோட்டைத் தட்டிவிட்டு, நீல ஃபைலை அக்குளில் இடுக்கி, கோச்செவைப் பார்த்தார்.

"மேலே வாங்க, இரண்டாம் மதிப்பீட்டாளரே. உங்க வரி எண்ணைப் பத்திக் கொஞ்சம் பேசணும்."

கோச்செவின் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. கயிறு வைத்த கை தானாக மூடிக்கொண்டது. விலியானாவைப் பார்த்தார். அவள் அதற்குள் ஆறாம் மாடிப் படியில் ஏற ஆரம்பித்திருந்தாள், தோனெவ் அவள் பக்கத்தில். பிறகு கோச்செவ் கீழே போகும் வழியைப் பார்த்தார்.

லிஃப்ட் பழுது. கீழே போக ஒரே படிக்கட்டு. மெக்கானிக் பிடித்து இழுக்கக் கடைசியாக ஏறியிருந்த நான் அதன் முதல் படியில் அகலமாக உட்கார்ந்து, காலையில் வாங்கிய, பாலாடைக்கட்டி வைத்த பானிட்சாவைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தேன்.

"தாண்டிப் போக இடம் இல்ல சார்" என்றேன். "நான் ரெண்டு பேர்."